எழுத்துக்கு நகை போடலாம், முகத்தை மறைக்கலாமா?

கல்யாணப் பெண்ணுக்கு நகை போடுகிறார்கள். நெற்றிச்சுட்டி, காசுமாலை, ஒட்டியாணம் என்று அழகு செய்கிறார்கள். ஆனால், பெண்ணின் முகமே தெரியாதபடி நகையை அடுக்கினால் யாராவது ஒப்புக்கொள்வார்களா?

எழுத்துக்கும் இதே கதைதான்!

கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை, சினிமா விளம்பரம், பட்டாசுப் பெட்டி, காபிக் கடை வாசல் ஆகிய எல்லா இடங்களிலும் பழைய மோஸ்தர் எழுத்துக்கள் இப்போது மறுபடியும் வந்திருக்கின்றன. தடித்த உடம்பு, மெலிந்த இடுப்பு, சுருண்ட வால், நிழல், பூ வேலை! பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

படிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

வலங்கைமான் வீதியில்

வலங்கைமான், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊர். முன்பு தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. இப்போது திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. குடமுருட்டி ஆறு ஓடும் நெல் பூமி.

இந்த ஊருக்கு இரண்டு விஷயங்களில் பெயர் உண்டு. ஒன்று, மகா மாரியம்மன் கோவில். கடுமையான நோயில் இருந்து பிழைத்தவர்கள், பங்குனித் திருவிழாவில் பாடையில் படுத்து அம்மனுக்கு நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். அதனால் “பாடைக்கட்டி மாரியம்மன்” என்றே மக்கள் சொல்லுகிறார்கள். இன்னொன்று, பட்டாசு. தீபாவளிக்கு வெடி வாங்க அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வலங்கைமானுக்கு வருவார்கள்.

திருவிழா என்றால் நோட்டீஸ் உண்டு. பட்டாசு என்றால் பலகை உண்டு. ஆகவே, பெரிய எழுத்துக்கு இந்த ஊரில் எப்போதும் வேலை இருக்கிறது.

பெரிய எழுத்தின் வேலை என்ன? தெருவில் போகிறவரைக் கூப்பிட வேண்டும். அவர் திரும்பிப் பார்த்ததும், சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டும். கூப்பிட்டுவிட்டு, என்ன சொல்லுகிறது என்றே புரியாமல் நின்றால் அந்த எழுத்தினால் யாருக்கு லாபம்?

வலங்கைமான் இன்னொரு விதத்திலும் இதற்குப் பாடம் சொல்லுகிறது. சீனிவாச சாஸ்திரி 1869-ல் பிறந்த ஊர் இது. பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து, பிறகு உலகமே வியந்த ஆங்கிலப் பேச்சாளராக ஆனவர் அவர். “வெள்ளி நாக்கு” படைத்தவர் என்று அவரைப் புகழ்ந்தார்கள். அவர் பேச்சில் அலங்காரம் உண்டு. ஆனால், ஒவ்வொரு சொல்லும் சுத்தமாகக் காதில் விழும்.

நல்ல பேச்சுக்கு உச்சரிப்பு எப்படியோ, நல்ல எழுத்துக்குத் தெளிவு அப்படி!

ஓலையும் கல்லும்

தமிழ் எழுத்து எப்படி இந்த உருவத்துக்கு வந்தது?

பனை ஓலையில் எழுத்தாணியால் எழுதினார்கள். எழுத்தாணி கீறும் கோடு எல்லா இடத்திலும் ஒரே மெல்லிய கோடாக இருக்கும். தடித்த கோடு, மெலிந்த கோடு என்ற பேதம் ஓலையில் இல்லை. நேர்க்கோட்டை அழுத்தி இழுத்தால் ஓலை கிழிந்து விடும். ஆகையால் எழுத்துக்கள் வளைந்தன, சுழிந்தன.

புள்ளி வைத்தாலும் ஓலை பொத்தலாகிவிடும். எனவே, ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். “ர” என்ற எழுத்தும், நெட்டெழுத்துக்குப் போடும் காலும் ஒன்று போலவே இருந்தன. குறில் “எ”, நெடில் “ஏ” இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. முன்பின் படித்துப் பார்த்துத்தான், “இது இந்தச் சொல்” என்று புரிந்துகொள்ள வேண்டும். புலவருக்கு அது பழக்கம். புதிதாகப் படிக்கிறவருக்கு அது பெரிய கஷ்டம்.

கல்லில் வெட்டிய எழுத்து வேறு விதம். தஞ்சைப் பெரிய கோவிலுக்குப் போகிறவர்கள், சுவரின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். ராசராச சோழன் 1010-ம் ஆண்டு வாக்கில் கட்டி முடித்த கோவில் அது. தான் கொடுத்தது, தன் அக்காள் கொடுத்தது, தன் மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான் அரசன். வரிசை வரிசையாக, சீராக, அழகாக வெட்டியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டு ஆகியும் அந்த எழுத்து கம்பீரமாக நிற்கிறது.

அழகான பெரிய எழுத்து என்பது தமிழனுக்கு வெளியில் இருந்து வந்தது அல்ல என்பதற்கு அந்தச் சுவரே சாட்சி.

பாதம் வைத்த எழுத்து

இப்போது “பழைய மோஸ்தர்” என்று சொல்லுகிறார்களே, அந்தத் தடித்த அலங்கார எழுத்து எங்கே இருந்து வந்தது?

ஆங்கில எழுத்துக்களில் சிலவற்றை உற்றுப் பார்த்தால், காலின் முடிவில் சிறிய கோடு ஒன்று குறுக்கே இருக்கும். எழுத்துக்குப் பாதம் வைத்தது போலத் தோன்றும். அதற்குச் “செரிப்” என்று பெயர்.

இது ரோமாபுரியில் பிறந்தது. அங்கே திராஜன் என்ற சக்கரவர்த்திக்காக கி.பி. 113-ல் ஒரு வெற்றித் தூண் எழுப்பினார்கள். அதன் அடியில் வெட்டிய எழுத்துக்களில் இந்தப் பாதம் அழகாக இருக்கிறது. அதற்குக் காரணம் உளிதான் என்று வெகுகாலம் நம்பினார்கள். எட்வர்டு கேட்டிச் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1968-ல் ஒரு புத்தகம் எழுதினார். முதலில் தட்டைத் தூரிகையால் கல்லின்மேல் எழுதினார்கள். பிறகுதான் அதன்மேல் உளி வைத்தார்கள். தூரிகை திரும்புகிற திருப்பத்தில்தான் அந்தப் பாதம் உண்டாயிற்று என்று அவர் விளக்கினார்.

ஊர்ப் பலகை எழுதும் ஓவியரின் கையில் உள்ள தட்டைத் தூரிகையும் அதே ஜாதிதான்!

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு, லண்டனில் விளம்பரம் பெருகியது. லாட்டரிச் சீட்டு விற்பவர்கள், சுவரில் நோட்டீசு ஒட்டினார்கள். புத்தகத்துக்கு வார்த்த சிறிய எழுத்து சுவரில் எடுபடவில்லை. ஆகவே, எழுத்தைக் கொழுக்க வைத்தார்கள். தடித்த கோடு இன்னும் தடித்தது. மெலிந்த கோடு மயிர் இழை போல நின்றது. பிறகு நிழல் போட்டார்கள், பூ வரைந்தார்கள், எழுத்தின் வயிற்றுக்குள்ளேயே காட்சி செதுக்கினார்கள்.

ஈயத்தில் பெரிய எழுத்து வார்ப்பது சிரமம். பாரம் அதிகம். ஆறும்போது முகம் சமமாக வராது. நியூயார்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ் என்பவர், மரத்தில் எழுத்து வெட்டும் இயந்திர முறையைக் கண்டுபிடித்து, 1828-ல் தம் எழுத்துக்களின் பட்டியலை வெளியிட்டார். அதன் பிறகு மர எழுத்து உலகம் எங்கும் பரவியது. தமிழ் அச்சகங்களிலும் போஸ்டருக்கு மர எழுத்துக்களை அடுக்கினார்கள்.

ஈய உறையில் பிறந்த தமிழ்

தமிழ் எழுத்து அச்சில் ஏறியது அதற்கு முன்பே. 1578-ல் கொல்லத்தில் “தம்பிரான் வணக்கம்” என்ற 16 பக்கப் புத்தகம் அச்சாயிற்று. இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்திலேயே இந்தியாவில் அச்சான முதல் பெருமை தமிழுக்குத்தான் கிடைத்தது.

காவிரி டெல்டாவிலேயே நடந்த கதை இன்னும் சுவையானது.

சீகன்பால்கு என்ற செர்மானியப் பாதிரியார் 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். தமிழ் கற்றார். எழுத்தின் வடிவங்களை எழுதி செர்மனியில் உள்ள ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அங்கே வார்த்த தமிழ் எழுத்துக்கள் 1713-ல் கப்பலில் வந்து சேர்ந்தன. ஆனால், ஒரு சங்கடம்! எழுத்து மிகவும் பெரிதாக இருந்தது. காகிதம் ஏராளமாகச் செலவாயிற்று. காகிதமோ வெளிநாட்டில் இருந்து வர வேண்டும்.

என்ன செய்தார்கள்? இங்கிலாந்தில் இருந்து பாலாடைக்கட்டி அனுப்பும்போது, அதை ஈய உறையில் வைத்து அனுப்பி இருந்தார்கள். அந்த ஈயத்தை உருக்கி, தரங்கம்பாடியிலேயே சிறிய தமிழ் எழுத்துக்களை வார்த்தார்கள். புதிய ஏற்பாடு 1715-ல் அச்சாகி முடிந்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. எழுத்தின் அளவு, அது செய்யப்போகும் வேலைக்குத் தக்கபடி இருக்க வேண்டும். புத்தகத்துக்குச் சிறிய எழுத்து. சுவருக்குப் பெரிய எழுத்து. ஒன்றின் வேலையை மற்றொன்றுக்குக் கொடுத்தால் காசும் போகும், பலனும் கிடைக்காது.

26-க்கு எதிரே 125

ஆங்கிலத்தில் ஓர் அலங்கார எழுத்து வரிசை செய்ய வேண்டுமானால், தலைப்பு எழுத்து 26 செய்தால் போதும். போஸ்டர் அடித்து விடலாம்.

தமிழில் எத்தனை வேண்டும்? கணக்குப் பார்க்கலாம்.

உயிர் எழுத்து 12. ஆய்தம் 1. புள்ளி வைத்த மெய் 18. “க, ங, ச” என்று போகும் வரிசை 18. “கி, கீ, கு, கூ” போன்ற நான்கு வரிசைகளுக்கு 72. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, “ஐ”காரக் கொம்பு ஆகிய நான்கு. ஆக மொத்தம் 125! “ஜ, ஷ, ஸ, ஹ” எழுத்துக்களைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

முன்பு இதைவிட அதிகம் இருந்தது. “லை, ளை, ணை, னை” எழுத்துக்களுக்குத் துதிக்கை வைத்த தனி உருவம் உண்டு. “ணா, றா, னா” முதலியவற்றுக்கும் தனி உருவம். பெரியார் 1935-ல் தம் “குடி அரசு” பத்திரிகையில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்தார். 1978-ல் தமிழ்நாடு அரசு அதில் 13 எழுத்துக்களின் மாற்றத்தை ஏற்று உத்தரவு போட்டது. அச்சுக் கோப்பவருக்கு வேலை குறைந்தது. குழந்தைகளுக்கும் பாடம் சுலபம் ஆயிற்று.

125 எழுத்துக்களையும் ஒரே அழகோடு, ஒரே கனத்தோடு வரைவது சின்ன வேலை அல்ல. ஆங்கில அலங்கார எழுத்தைப் பார்த்து அப்படியே தமிழில் காப்பி அடிக்கிறவர்கள் வழுக்கி விழும் இடமும் இதுதான்.

மூன்று சுழி எங்கே?

ஆங்கிலத்தில் “ஓ” என்ற எழுத்துக்கு வயிற்றில் ஒரு துவாரம். “பி” என்ற எழுத்துக்கு இரண்டு துவாரம். அதைக் கொழுக்க வைத்தாலும் துவாரம் மிஞ்சும்.

தமிழில் “ண” எழுத்துக்கு மூன்று சுழி. “ன” எழுத்துக்கு இரண்டு சுழி. கோட்டைத் தடிக்க வைத்தால் என்ன ஆகும்? சுழிகள் அடைபட்டுப் போகும். மூன்று சுழியா, இரண்டு சுழியா என்று எண்ண முடியாது. “மணம்” என்று எழுதினால் “மனம்” என்று தெரியும். “பணி” என்றால் “பனி” ஆகிவிடும்.

“எ” எழுத்துக்கும் “ஏ” எழுத்துக்கும் அடியில் உள்ள சிறு சாய்வுக் கோடுதான் வித்தியாசம். அலங்காரத்துக்காக எல்லா எழுத்துக்கும் வால் வைத்தால், எது குறில், எது நெடில்? “ஏரி” என்ற சொல் “எரி” ஆகிவிடும். தண்ணீருக்கும் நெருப்புக்கும் நடுவில் இருப்பது அந்தச் சின்னக் கோடுதான்!

ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் தலையில் ஒரு சுழிதான் பேதம். அது போனால் “கோடு” என்பது “கொடு” ஆகும்.

எல்லாவற்றையும்விடப் பரிதாபம் புள்ளிக்குத்தான். எழுத்து கொழுக்கக் கொழுக்கப் புள்ளிக்கு இடம் இல்லாமல் போகிறது. எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்கிறது. சில பலகைகளில் பூவாக மாறிவிடுகிறது. சில பலகைகளில் காணாமலே போய்விடுகிறது.

குறில், நெடில் வித்தியாசத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்தவர் வீரமாமுனிவர். கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து, 1747-ல் காலமானவர் அவர். “ஏ”, “ஓ” எழுத்துக்களும் இரட்டைக் கொம்பும் இன்று உள்ள உருவத்தைப் பெற்றது அவரால்தான். மெய்யெழுத்துக்குத் தவறாமல் புள்ளி வைக்கும் வழக்கம் அச்சு பரவிய பிறகு நிலைபெற்றது.

ஓலைக் காலத்தில் இருந்த குழப்பத்தை நீக்கச் சுமார் 300 ஆண்டு பாடுபட்டிருக்கிறார்கள். அந்த உழைப்பை ஓர் அலங்காரப் பலகை ஒரே நாளில் அழிக்கலாமா?

யாருக்கு நஷ்டம்?

“படித்தவன் எப்படியும் புரிந்துகொள்வான்” என்று சிலர் சொல்லுவார்கள். உண்மைதான். தினமும் பத்திரிகை படிக்கிறவர், சொல்லின் உருவத்தைப் பார்த்த உடனே சொல்லிவிடுவார். பாதி எழுத்து மறைந்தாலும் அவருக்குக் கவலை இல்லை.

ஆனால், எல்லாரும் அப்படியா?

2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 80 பேர். பெண்களில் 100-க்கு 73 பேர். இதில் எத்தனையோ பேர் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். வயல் வேலைக்கு நடுவே, முதியோர் கல்வியில் எழுத்துக் கூட்டப் பழகியவர்களும் உண்டு. 1990-க்குப் பிறகு நடந்த அறிவொளி இயக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டதை நாடே பாராட்டியது.

அப்படிப் படித்தவர்களுக்குத் தெருதான் புத்தகம். பஸ்ஸின் நெற்றியில் உள்ள ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டுவார்கள். மளிகைக் கடைப் பலகையைப் படிப்பார்கள். மருந்துக் கடை எது என்று பார்ப்பார்கள். சரியாகப் படித்துவிட்டால் முகத்தில் ஒரு பெருமை வரும்.

அப்படிப்பட்ட ஒரு தாய், பலகையைப் பார்த்துத் தடுமாறினால், “பலகை சரி இல்லை” என்று நினைக்க மாட்டாள். “எனக்குப் படிப்பு ஏறவில்லை” என்றுதான் நினைப்பாள். குற்றம் எழுத்தின் மீது, அவமானம் அவளுக்கு. இது நியாயமா?

இந்த மக்களை மதித்தவர்கள் முன்பு இருந்தார்கள். சென்னையில் பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்றவர்கள், “பெரிய எழுத்து” என்று அட்டையிலேயே போட்டுக் கதைப் புத்தகங்கள் வெளியிட்டார்கள். நல்லதங்காள் கதையும், விக்கிரமாதித்தன் கதையும், அல்லி அரசாணி மாலையும் அப்படித்தான் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. திருவிழாக் கடைகளில் அவற்றை வாங்கிப்போய், ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். எழுத்து பெரிது என்பதையே விளம்பரமாகச் சொன்னார்கள். அட்டையில் படமும் அலங்காரமும் உண்டு. உள்ளே உள்ள எழுத்தோ, பாட்டியும் படிக்கும் எழுத்து!

பழமைக்கு ஏன் இந்த மவுசு?

அலங்கார எழுத்தின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

எல்லாப் பலகையும் ஒரே மாதிரி இருந்தால் வீதி வெறிச்சென்று இருக்கும். 2000-ம் ஆண்டுக்குப் பிறகு பிளெக்ஸ் பேனர் பெருகிற்று. தூரிகை பிடித்த ஓவியர்களில் பலர் தொழிலை இழந்தார்கள். சேலத்தில் பார்த்த அதே எழுத்தைச் சீர்காழியிலும் பார்க்க வேண்டி வந்தது. அந்தச் சலிப்பினால்தான் மக்கள் பழைய எழுத்தைத் தேடுகிறார்கள்.

முன்பெல்லாம் ஒவ்வொரு சினிமாப் படத்துக்கும் தனித் தலைப்பு எழுத்து வரைவார்கள். எழுத்தைப் பார்த்தாலே, அது புராணப் படமா, சண்டைப் படமா, சிரிப்புப் படமா என்று சொல்லிவிடலாம். எழுத்துக்கும் முகபாவம் உண்டு என்பதை அந்த ஓவியர்கள் அறிந்திருந்தார்கள்.

நெடுஞ்சாலைகளில் “கும்பகோணம் டிகிரி காபி” என்று கடைகள் இருக்கின்றனவே, அவற்றில் பலவற்றின் பலகையில் பழைய எழுத்தைக் காணலாம். பித்தளை டபராவுக்கு அந்த எழுத்து பொருந்துகிறது. “பாட்டன் காலத்துப் பக்குவம்” என்று வாய் திறக்காமல் சொல்லுகிறது. கடை போன மாதம் திறந்ததாக இருக்கலாம்! எழுத்துக்கு நூறு வயது! இந்தச் சிறு தந்திரத்தை மன்னித்து விடலாம். காபி நன்றாக இருந்தால் சரி.

ஆனால், வேறு இடங்களில் மன்னிக்க முடியாது.

வலங்கைமானுக்கும் சிவகாசிக்கும் பொதுவான பொருளான பட்டாசையே எடுத்துக்கொள்ளலாம். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். லேபிள் அடிக்க அச்சகங்கள் வந்தன. பிறகு காலண்டரும் டைரியும் அச்சடிக்கும் பெரிய நகரமாகச் சிவகாசி வளர்ந்தது. வண்ணப் படமும் தடித்த எழுத்தும் பட்டாசுப் பெட்டியின் லட்சணம் ஆயின.

பெட்டியின் பெயர் கண்ணைப் பறிக்கட்டும். அது வியாபாரம். ஆனால், “கையில் வைத்துக் கொளுத்தாதே”, “தூர விலகி நில்” என்ற வாக்கியங்கள் எப்படி இருக்க வேண்டும்? நிழல் இல்லாமல், வால் இல்லாமல், பளிச்சென்று இருக்க வேண்டும். பல பெட்டிகளில் அது மூலையில் எறும்பு போல ஊர்ந்து கிடக்கிறது. பெயருக்கு மாலையும் மரியாதையும். உயிரைக் காக்கும் சொல்லுக்கு மூலை! இது தலைகீழ் அல்லவா?

மருந்துக் கடைப் பலகை, மின்சார அபாயப் பலகை, ஆற்றில் ஆழம் என்று எச்சரிக்கும் பலகை, பஸ்ஸின் ஊர்ப் பெயர் ஆகியவற்றில் அலங்காரத்துக்கு இடமே கிடையாது.

வழி இருக்கிறது

அழகும் தெளிவும் ஒன்றாக இருக்க முடியாதா? முடியும். கை தேர்ந்தவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

தடித்த எழுத்து வரையும்போது, எல்லாக் கோட்டையும் ஒரே கனத்தில் தடிக்க வைக்கக் கூடாது. வெளிக்கோட்டைத் தடிக்க வைத்து, சுழி வரும் இடத்தில் கோட்டை மெலிய விட வேண்டும். எழுத்தைக் கொஞ்சம் அகலமாக்க வேண்டும். அப்போது மூன்று சுழியும் மூச்சு விடும். புள்ளிக்குத் தலைக்கு மேல் தனி இடம் ஒதுக்க வேண்டும்.

2016-ல் மும்பையைச் சேர்ந்த “ஏக் டைப்” என்ற குழுவினர், “பலூ” என்ற கொழுத்த எழுத்தைப் பல இந்திய மொழிகளுக்கும் செய்தார்கள். ஒவ்வொரு மொழிக்கும் ஓர் உறவுப் பெயர் வைத்தார்கள். மலையாள எழுத்துக்குச் “சேட்டன்”. தெலுங்கு எழுத்துக்குத் “தம்முடு”. தமிழ் எழுத்துக்குத் “தம்பி”! “பலூ தம்பி” நல்ல பருமனான தம்பி. ஆனாலும், சுழி அடைபடவில்லை; புள்ளி தொலையவில்லை. இதைக் கூகுள் எழுத்துக் களஞ்சியத்தில் இருந்து யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே, “தமிழ் எழுத்துத் தடித்தால் அப்படித்தான் இருக்கும்” என்று அச்சகக்காரர் சொன்னால், அதை ஏற்க வேண்டியது இல்லை.

மூன்று சோதனை

தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ் முதலிடத்தில் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால், தமிழ் இருந்தால் மட்டும் போதாது. அது தமிழாகத் தெரிய வேண்டும். அதற்குச் சட்டம் வர வேண்டியது இல்லை. காசு கொடுக்கிறவர் மூன்று சோதனை செய்தால் போதும்.

முதல் சோதனை: பலகை மாதிரியை இருபது அடி தூரத்தில் வைக்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். பிள்ளை எங்கே தயங்குகிறதோ, அந்த எழுத்தை மாற்ற வேண்டும்.

இரண்டாவது சோதனை: “ண, ன”, “எ, ஏ”, “ர”வும் காலும், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் உடனே தெரிய வேண்டும். ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் புள்ளி இருக்கிறதா என்று எண்ண வேண்டும்.

மூன்றாவது சோதனை: எந்த விஷயத்துக்கு அலங்காரம் என்று கேட்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் “திருமண அழைப்பிதழ்” என்ற தலைப்பு எப்படி வேண்டுமானாலும் சுருளட்டும். மணமக்கள் பெயர், முகூர்த்த நேரம், மண்டபம், ஊர் ஆகியவை சாதாரண எழுத்தில் இருக்க வேண்டும். தலைப்பைப் படிக்காவிட்டாலும் கல்யாணம் நடக்கும். நேரத்தைத் தப்பாகப் படித்தால், உறவினர் தாலி கட்டிய பிறகு வந்து சேருவார்!

இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகும். செலவு ஒன்றும் இல்லை. தெளிவான பலகைக்கும் தெளிவற்ற பலகைக்கும் கூலி ஒன்றுதான்.

பழைய எழுத்து வரட்டும். தடிக்கட்டும். வாலும் வளைவும் பூவும் வைத்துக்கொள்ளட்டும். ஆனால், புள்ளியையும் சுழியையும் கொம்பையும் தொடாமல் அலங்காரம் செய்ய வேண்டும். அவை தமிழ் எழுத்தின் கண், மூக்கு, வாய் போன்றவை.

பலகைக்குச் சொந்தக்காரர் கடைக்காரராக இருக்கலாம். அதில் உள்ள எழுத்து, அதைப் படிக்க வரும் எல்லாருக்கும் சொந்தம். நேற்றுத்தான் எழுத்துக் கூட்டப் பழகிய பாட்டிக்கும் அதில் பங்கு உண்டு!